வரி தொடங்குமிடம்

மண்டைக்காடு
3 ஜூன் 2024

அண்ணன் சுயம்புராஜுக்கு,

சுபிதா எழுதுதேன். போன்ல உன்ன பிளாக் பண்ணித் தடுத்து வச்சது நான்தான். ஏதோ கை பட்டு நடந்துட்டுன்னு அம்மை உங்கிட்ட சொல்லியிருப்பா. அது அவ நம்ம ரெண்டு பேரையும் சேத்து வைக்க சொன்ன பொய். நான் நல்லா யோசிச்சுத்தான் தடுத்தேன்.

உனக்கு ஏதாவது சொல்லணும்னா இந்த மெயிலுக்கு எழுது. ஸ்கிரீன் ரீடர் அத வாசிக்கும், நான் கேப்பேன். அந்த மிஷின் குரலுக்கு ஏத்தமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. நீ "சனியனே"ன்னு எழுதினாலும் "சனிக்கிழமை"ன்னு வாசிக்கது மாதிரிதான் வாசிக்கும். உனக்க சத்தத்த விட்டுட்டு நீ சொல்லுத விஷயத்த மட்டும் கேக்கணும்னு ஆசையா இருக்கு. இத்தன வருஷத்துல அதுக்கு வாய்க்கல.

நீ லீவுக்கு வந்தப்ப நடந்தத நீ மறந்திருக்க மாட்ட. இருந்தாலும் எனக்கு எப்படிக் கேட்டுதுன்னு எழுதுதேன். முன்னறையில என்னைப் பொண்ணு பாக்க வந்த கோலப்பனும் அவருக்க அக்காவும். உள்ள நான், அம்மை சுத்திவிட்ட பட்டுச் சேலையில. நீ அந்த அக்காகிட்ட சொல்லுத: "அவளால பெருசா ஒரு வேலையும் செய்ய முடியாதுதான். ஆனா சொன்ன இடத்துல இருப்பா. குரல் உசத்த மாட்டா." ஒரு பாத்திரத்த விக்கது மாதிரி இருந்துது.

நான் சுவரத் தொட்டுட்டு வெளிய வந்தேன். "எனக்கு இதுல சம்மதம் இல்ல. நீங்க காப்பி குடிச்சிட்டு போலாம்"ன்னேன். குரல் உசத்தல. நீதான் உசத்தின. அவங்க முன்னாலயே எனக்க கையப் பிடிச்சு உள்ள இழுத்துட்டுப் போன. பிடிச்ச இடம் நாலு நாள் வலிச்சுது.

எனக்கு இருபத்தெட்டு வயசு. பதினஞ்சுல மங்கத் தொடங்கின கண்ணு இருபத்துநாலுல முழுசா அணைஞ்சுது. பி.காம். கடைசிப் பரீட்சைய சாவித்துவாரம் அளவு பார்வைய வச்சு எழுதி பாஸானவ நான். அதுக்குப் பிறகு நாலு வருஷம் நீ சொன்ன இடத்துல இருந்தாச்சு. போதும்.

வாற திங்கள்கிழமை வடசேரில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல சேரப் போறேன். பைத்தான் படிக்க. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லுத ஒரு மொழி. புதுசாத் தொடங்குதவங்களுக்கு அதுதான் லேசுன்னு சொல்லுதாங்க.

உங்கிட்ட கேக்கல. சொல்லுதேன்.

சுபிதா


அய்யா துணை
மஸ்கட், 9.6.2024

ஏட்டி சுபிதா,

உனக்க மெயில் வந்துது. மொட்டை மாடியில ஏசி மிஷின் பக்கத்துல நின்னு போன்ல வாசிச்சேன்.

கையப் பிடிச்சு இழுத்தது தப்பு. அத மட்டும் ஒத்துக்கிடுதேன். மத்தது எதையும் ஒத்துக்கிட மாட்டேன்.

கோலப்பன் யாரு? திங்கள்சந்தையில ஹார்ட்வேர் கடை வச்சிருக்கவரு. குடி கிடையாது. மனைவி இறந்து மூணு வருஷம் பிள்ளைகள ஒத்தையில வளத்தவரு. கண்ணு தெரியாத பொண்ணுன்னு தெரிஞ்சும் தானா முன்வந்தவரு. நாப்பத்தஞ்சு வயசுதான், அறுபது இல்ல. இப்படி ஒரு ஆளு இனியும் வருவாருன்னு நினைக்கியா?

எனக்கு முப்பத்தாறு ஆவுது. ஈத்தாமொழில எனக்குப் பேசி வச்ச லிஜியும் அவ வீட்டுக்காரங்களும் ரெண்டு வருஷமா காத்துக் கிடக்காங்க. தங்கச்சிய வீட்டுல வச்சிட்டு அண்ணன் கல்யாணம் கட்டினான்னு ஊரு பேசும். உனக்கு முடிஞ்சாத்தான் எனக்கு. இத நான் உங்கிட்ட சொன்னதே இல்ல. இப்ப சொல்ல வச்சிட்ட.

கம்ப்யூட்டர்னா திரையப் பாக்கணும். நீ எதப் பாக்கப் போற? யாரு கொண்டு விடுவா? அம்மைக்க முட்டுவலி உனக்குத் தெரியும். பஸ்ல எவனாவது ஏதாவது... எழுதவே கை வரல்ல.

போகாண்டாம். நான் இங்க வெயில்ல கிடக்கது உங்க ரெண்டு பேருக்காகத்தான்.

சுயம்பு


18 ஜூன் 2024

அண்ணா,

போயாச்சு.

எட்டே கால் பஸ்ஸுக்கு தனியாத்தான் ஏறினேன். அம்மை கீழ நின்னு கண்டக்டர்கிட்ட, "பிள்ளையப் பாத்துக்கிடுங்க"ன்னா. "நான் பிள்ள இல்ல, பயணி"ன்னேன். பஸ்ஸே சிரிச்சுது. வடசேரில இறங்கினா சந்தையில உள்ளி மணம். அதத் தாண்டினா எண்ணெயில நேந்திரங்கா வத்தல் பொரியுத மணம். அதுக்கு வலது பக்கம் மாடிப்படி. பதினெட்டு படி.

சென்டர் நடத்துதவரு ரெனிஷ் சார். கெட்டவரு இல்ல. ஆனா எனக்க வெள்ளைக் கம்பப் பாத்ததும் குரல் மாறிட்டு. "நீங்க டெலிபோன் ஆபரேட்டர் கோர்ஸ் பாக்கலாமேம்மா"ன்னார். ஏன்னு கேட்டேன். பொறுமையா விளக்கினார். மத்த மொழிகள்ல ஒரு பகுதி எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு காட்ட அடைப்புக்குறி போடுவாங்களாம். பைத்தான்ல அது கிடையாது. வரிக்கு முன்னால விடுத இடைவெளிதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். நாலு இடைவெளி தள்ளி எழுதினா அந்த வரி மேல உள்ளதுக்குள்ள அடங்கினது. தள்ளாம எழுதினா தனி. ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் புரோகிராம் ஓடாது.

"கண்ணு உள்ள பிள்ளைங்களே இதுல தப்பு விடுதுங்க. வெறும் இடத்த நீங்க எப்படிம்மா பாப்பீங்க?"ன்னார்.

"நாலு வருஷமா நான் வெறும் இடத்தத்தான் சார் பாத்துட்டு இருக்கேன்"ன்னேன்.

பிறகு, ஒரு வாரம் இருந்து பாருங்கன்னு வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டுத் தந்தார்.

முதல் பாடம் என்ன தெரியுமா? பிரிண்ட்னு அடிச்சு, அடைப்புக்குறிக்குள்ள மேற்கோள் போட்டு என்ன எழுதினாலும் கம்ப்யூட்டர் அதத் திருப்பிச் சொல்லும். மத்த பிள்ளைங்க "வணக்கம்"னு எழுதிச்சுங்க. நான் "சுபிதாவுக்குச் சம்மதம் இல்லை"ன்னு எழுதி என்டர் தட்டினேன். ஹெட்போன்ல அது சொல்லிச்சு: சுபிதாவுக்குச் சம்மதம் இல்லை.

கூட்டல்ல, குறைக்கல்ல. "அவ சின்னப் பிள்ள, தெரியாம சொல்லுதா"ன்னு பக்கத்துல ஒரு பொழிப்புரை சொல்லல்ல. நம்ம வீட்டுல ஒருத்தராவது நான் சொன்னத நான் சொன்ன மாதிரி எடுத்துக்கிட்டது உண்டா? பத்து தடவ ஓட விட்டுக் கேட்டேன்.

நீ கேட்டியே, எதப் பாக்கப் போறேன்னு. இதத்தான்.

சுபிதா


மஸ்கட், 23.6.2024

பதினெட்டு படிய எண்ணி எழுதத் தெரிஞ்சவளுக்கு, வடசேரி சந்தையில தள்ளுவண்டில இடிச்சு விழுந்தத எழுத மனசு வரல்ல. முழங்கால்ல தையல் போட்டிருக்குன்னு அம்மை அழுதுட்டு சொல்லுதா. ரெத்தத்தோட கிளாஸுக்குப் போயி இருந்தியாமே. இதுக்குப் பேரு தைரியமாட்டி?

போதும் இந்த விளையாட்டு. கோலப்பன்கிட்ட பேசிட்டேன். நீ யோசிச்சு சம்மதிச்சிட்டேன்னு சொல்லியாச்சு. ஆவணியில கல்யாணம். மண்டபத்துக்கு பெரியம்மா சொல்லி வச்சாச்சு. நான் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கேன்.

நாளைக்கு நீயே எனக்கு நன்றி சொல்லுவ.

சுயம்பு


மண்டைக்காடு
4 ஜூலை 2024

அண்ணா,

லீவ ரத்து பண்ணு. கல்யாணம் கிடையாது.

அம்மைக்க போன்ல இருந்து கோலப்பன் நம்பர எடுத்தேன். நானே கூப்பிட்டேன். கடையில இருந்தார். பின்னால யாரோ ஆணி அள்ளிப் போடுத சத்தம். நான் இன்னாருன்னு சொன்னதும், "சொல்லுங்க"ன்னார், மரியாதையா.

"நான் சம்மதிச்சேன்னு உங்ககிட்ட சொன்னது பொய். நான் சம்மதிக்கல"ன்னேன்.

"நீங்க அழுது மன்னிப்பு கேட்டதா உங்க அண்ணன் சொன்னாரே."

"அழுதேன். மன்னிப்பு கேக்கல."

ஆணிச் சத்தம் நின்னுட்டு. அவருதான் நிறுத்தச் சொல்லியிருக்கணும். பிறகு சொன்னார்: "சம்மதம் இல்லாத ஒரு பொண்ணக் கூட்டிட்டு வந்தா எனக்க பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? நேர கூப்பிட்டு சொன்னது நல்லதாப் போச்சு. நீங்க படியுங்க." அவ்வளவுதான். நீ சொன்னது சரி, நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷன்கிட்டதான் நீ பொய் சொல்லியிருக்க.

விழுந்தது உண்மை. ரெண்டு தையல். ஏன் எழுதல்லன்னா, நீ அத ஒரு காரணமா ஆக்குவேன்னு தெரியும். ஆக்கிட்டியே. கண்ணு உள்ளவங்க ஒரு நாளைக்கு எத்தன பேரு அந்த சந்தையில இடிச்சு விழுதாங்கன்னு தெரியுமா? அவங்கள யாரும் பிடிச்சுக் கட்டி வைக்கது இல்ல.

இன்னொண்ணு. வெறும் இடத்தக் கேக்க வழி கண்டுபிடிச்சேன். முதல்ல விரல்ல எண்ணி எண்ணித்தான் இடைவெளி தட்டினேன். எழுதும்போது சரி, திருப்பி வாசிக்கும்போது ஸ்கிரீன் ரீடர் இடைவெளிய விழுங்கிரும். பத்து நாள் மண்டைய உடைச்சு நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால எத்தன இடைவெளி இருக்குன்னு எண்ணி, எண்ணிக்கைய முதல்ல சொல்லி, பிறகு வரியச் சொல்லும். ஓடிட்டு. பெருமையா ஒரு குழுவுல எழுதிப் போட்டேன். கண்ணு தெரியாம புரோகிராம் எழுதுதவங்க உலகம் பூரா இருக்காங்க, அவங்களுக்க குழு அது. ஒருத்தர் பதில் போட்டார்: அந்த வசதி ஸ்கிரீன் ரீடர்லயே உண்டு, செட்டிங்ஸ்ல போயி ஒரு கட்டத்த டிக் பண்ணினா போதும்னு.

முதல்ல அழுகை வந்துது. பிறகு சிரிச்சேன். டிக் பண்ணிட்டேன். ஆனா எனக்க புரோகிராம அழிக்க மாட்டேன். ரெனிஷ் சார் அத மத்த பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டினார். இப்ப டெலிபோன் ஆபரேட்டர்ங்குத பேச்சே இல்ல.

நீயும் ஒரு தடவ எழுதிப் பாரேன். அஞ்சு வரி. உனக்கு ரெண்டு கண்ணு இருக்கே, என்ன பயம், என்ன பேடி?

சுபிதா


மஸ்கட், 6.7.2024

கோலப்பன் என்னைக் கூப்பிட்டார். திட்டல்ல. திட்டியிருந்தா தேவலாம். "உங்க தங்கச்சிகிட்ட இருந்து நேர்மையக் கத்துக்கிடுங்க தம்பி"ன்னு சொல்லி வச்சிட்டார்.

என்னை ஊருல தலைகாட்ட முடியாம ஆக்கிட்ட. இனி எழுதாத. எனக்குத் தங்கச்சி இல்ல.


மஸ்கட், 14.8.2024

இந்த மெயில் சமாதானத்துக்கு இல்ல. அத முதல்லயே சொல்லிருதேன்.

இங்க வெயில் காலத்துல மத்தியானம் மூணு மணி நேரம் வெளி வேலை கிடையாது. சட்டம். ஆளுங்க ஸ்டோர் ரூம்ல படுத்துக் கிடப்பாங்க. எனக்கு உறக்கம் வராது. "என்ன பேடி"ன்னு நீ கேட்டது முள்ளு மாதிரி உள்ள கிடந்துது. ஸ்டோர்கீப்பர் பிரபின் நம்ம குலசேகரம்காரன். அவனுக்க கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தேன்.

ஒரு வரிய அடிச்சு சொன்னதச் சொல்லுத வேலை முதல் நாளே ஓடிட்டு. பிறகு "இப்படி இருந்தா இதச் செய்"ன்னு சொல்லுத பாடம். தமிழ்லயே பேரு வைக்கலாம்னு பிரபின் சொன்னான், வச்சேன். கீழ ஒட்டியிருக்கேன். மூணு நாளா இது ஓட மாட்டேங்குது. ஏதோ தள்ளி எழுதினது பொருந்தலன்னு இங்கிலீஷ்ல திட்டுது. நூறு தடவ பாத்தாச்சு. பிரபினும் பாத்தாச்சு. எல்லாம் சரியாத்தான் இருக்கு.

வெப்பம் = 46
if வெப்பம் > 45:
    print("நிழலுக்குப் போ")
   print("தண்ணி குடி")

உதவி கேக்கல. உனக்குத் தெரியுதான்னு பாக்கத்தான் அனுப்புதேன்.

சுயம்பு


மண்டைக்காடு
14 ஆகஸ்ட் 2024, சாயங்காலம்

அண்ணா,

மூணாவது வரி நாலு இடைவெளி. நாலாவது வரி மூணு.

ஒரு தடவதான் கேட்டேன். "நாலு இடம், மூணு இடம்"னு காதுல தெளிவா விழுந்துது. கண்ணுள்ள ரெண்டு ஆம்பிளைங்க மூணு நாள் உத்துப் பாத்துக் கிடைக்காதத, பாக்கவே தெரியாத நான் ஒரு நிமிஷத்துல சொல்லிட்டேன். நான் சிரிச்ச சிரிப்புல அம்மை அடுக்களையில இருந்து ஓடி வந்தா. நான் விளக்கினேன். அவளுக்கு ஒண்ணும் புரியல. ஆனா "சுயம்பு எழுதினானா? உனக்கா எழுதினான்?"னு மூணு தடவ கேட்டுட்டு முந்தானைய வாயில வச்சுக்கிட்டா.

நாலாவது வரிக்கு முன்னால இன்னும் ஒரு இடைவெளி தட்டு. ஓடும்.

உனக்க புரோகிராம்ல எனக்கு மனசு பதறி வெப்ராளம் வந்தது அந்த முதல் வரியக் கேட்டுத்தான். நாப்பத்தாறு நிஜமா? நீ சும்மா ஒரு எண் போட்டதா, இல்ல அங்க அப்படித்தானா? இத்தன வருஷத்துல நான் இத ஒரு தடவ கூட கேட்டதில்ல. அது எனக்க பக்கத்துத் தப்பு. எழுதி வச்சுக்கோ.

போன்ல உன்ன விடுவிக்கணும்னு அம்மை கெஞ்சுதா. இப்ப மாட்டேன். நீ எழுதும்போது யோசிக்க. பேசும்போது யோசிக்கது இல்ல. கொஞ்ச நாள் எழுது.

சுபிதா


அய்யா துணை
மஸ்கட், 1.9.2024

சுபிதா மக்களே,

ஓடிட்டு. "நிழலுக்குப் போ, தண்ணி குடி"ன்னு ரெண்டு வரியும் வந்துது. பிரபின் கை தட்டினான், படுத்துக் கிடந்தவங்க எழும்பித் திட்டினாங்க.

நாப்பத்தாறு நிஜம்தான். மொட்டை மாடியில இன்னும் கூட. பழகிட்டு. தண்ணி குடிக்கேன்.

உனக்கு ஒரு விஷயம் சொல்லணும். நாலு நாளா எழுதி எழுதி அழிக்கேன். நீ கோலப்பன நேர கூப்பிட்டப்ப எனக்குக் கோபம் வந்துது. பிறகுதான் யோசிச்சேன், நான் யாரையாவது நேர கூப்பிட்டுப் பேசியிருக்கேனா? லிஜி வீட்டு விஷயம் எல்லாம் பெரியம்மா வழியாத்தான். ரெண்டு வருஷமா அவகிட்ட நான் பேசினது பெருநாள் வாழ்த்து மாதிரி நாலு வார்த்தை. போன வாரம் கூப்பிட்டேன். எனக்க தங்கச்சி கல்யாணம் நின்னுட்டு, இனியும் நாள் ஆகும், நீ வேற இடம் பாக்கணும்னா பாத்துக்கோன்னு சொன்னேன்.

அவ கேட்டா: "உங்க தங்கச்சிய அனுப்பிட்டு வாங்கன்னு நான் எப்ப சொன்னேன்? என்னைக் காக்க வைக்கது அவதான்னு உங்க பெரியம்மா சொன்னாங்க. நானும் நம்பி, பாக்காத ஒரு பொண்ணு மேல ரெண்டு வருஷம் வெறுப்பா இருந்தேன். எனக்க பாவம் இது. உங்க பாவம் எவ்வளவுன்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

பாத்தேன்.

நீ அடங்கி இருப்ப, குரல் உசத்த மாட்டன்னு அன்னைக்கு சொன்னேன் பாரு. நான் அப்படிச் சொன்னது உன்னப் பத்தி இல்ல. எனக்கு எப்படிப்பட்ட தங்கச்சி இருந்தா லேசா இருக்கும்னு சொன்னேன். கோலப்பன்கிட்ட சொன்னது முழுப் பொய். கையப் பிடிச்சது மட்டும் தப்பு இல்ல, எல்லாமே தப்பு. மன்னிச்சிரு.

இத உனக்க மிஷின் எப்படி வாசிக்குமோ தெரியல.

சுயம்பு


மண்டைக்காடு
26 செப்டம்பர் 2024

அண்ணா,

நல்லாத்தான் வாசிச்சுது. ரெண்டு தடவ கேட்டேன். பதில் எழுத நாள் ஆனதுக்குக் காரணம் கோபம் இல்ல, பரீட்சை. கோர்ஸ் முடிஞ்சுது. முதல் மூணு பேருல நானும் ஒருத்தி. ரெனிஷ் சார் எங்க பத்து பேர நாகர்கோவில்ல ஒரு கம்பெனி வேலைத் தேர்வுக்கு அனுப்பினார். நேத்து அது.

உள்ள போனதும் அங்க ஒரு அதிகாரி சொன்னார், தேர்வு எழுதுத அவங்களுக்க சாப்ட்வேர்ல ஸ்கிரீன் ரீடர் வேலை செய்யாது, அதனால எனக்குத் தேர்வு இல்லன்னு. "சாரிம்மா"ன்னார். அந்த "சாரிம்மா"வ நான் பதினஞ்சு வயசுல இருந்து கேட்டுட்டு இருக்கேன்.

"சரி சார். 'பார்வை இல்லாததால சுபிதாவுக்குத் தேர்வு இல்லை'ன்னு ஒரு தாளுல எழுதி கையெழுத்து போட்டுத் தாங்க. போயிருதேன்"ன்னேன்.

அவரு எழுதல்ல. நான் நாற்காலிய விட்டு எழும்பல. ஒன்பது பேரு தேர்வு எழுதி முடிச்சு வெளிய போனாங்க. சாப்பாட்டு நேரம் ஆச்சு. டீ கொண்டு வந்த அக்கா எனக்கும் ஒரு டீ வச்சா. மூணு மணிக்கு இன்னொரு அம்மா வந்து, "என்னதான் செய்யணும்னு சொல்லுத?"ன்னு கேட்டாங்க. சலிப்பாத்தான். ஆனா கேட்டாங்க.

"கேள்விய வாசிங்க. நான் வாயால புரோகிராம் சொல்லுதேன், நீங்க அடியுங்க. நான் சொல்லாத ஒரு எழுத்து கூட சேக்கக் கூடாது. நான் சொன்ன ஒண்ணையும் விடக் கூடாது."

ஒரு மணி நேரம். நான் "நாலு இடைவெளி", "எட்டு இடைவெளி", "இடைவெளி இல்ல, தனி வரி"ன்னு ஒவ்வொண்ணாச் சொன்னேன். மூணு கேள்வி. ரெண்டு முதல் தடவையிலயே ஓடிச்சு. மூணாவதுல ஒரு முற்றுப்புள்ளி மாதிரி சின்னத் தப்பு, நானே கண்டுபிடிச்சுத் திருத்தினேன். அந்த அம்மா கடைசில, "நான் அடிச்சதையே என்னால பின்தொடர முடியல"ன்னாங்க. பிறகு, சொல்லி அனுப்புவோம்னாங்க.

சொல்லி அனுப்ப மாட்டாங்க. அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆனா அவங்க கம்ப்யூட்டர்ல எனக்க மூணு புரோகிராம் கிடக்குது. அத யாராலயும் நடக்காததா ஆக்க முடியாது.

சுபிதா


மஸ்கட், 28.9.2024

அந்தக் கம்பெனி பேரச் சொல்லு. நான் கூப்பிட்டுப் பேசுதேன். ஒரு பொம்பளப் பிள்ளைய காலையில இருந்து மூணு மணி வர இருத்தி வச்சவன் யாருன்னு எனக்குத் தெரியணும்.

சுயம்பு


மண்டைக்காடு
12 நவம்பர் 2024

அண்ணா,

பேரு சொல்லாததுக்குக் காரணம் உனக்கே தெரியும். யாரும் என்னை இருத்தி வைக்கல. நான்தான் இருந்தேன். அந்த வித்தியாசத்த நீ இன்னும் படிக்கணும்.

எதிர்பார்த்தது போல அங்க இருந்து ஒரு வார்த்தையும் வரல்ல. காரணம் கேட்டு மூணு மெயில் போட்டேன். பதில் இல்ல. நாலாவது மெயில அவங்களுக்குப் போடல. திருவனந்தபுரத்துல ஒரு கம்பெனிக்குப் போட்டேன். நடந்தது எல்லாத்தையும் எழுதி, "உங்க தேர்வு நான் எழுதுத மாதிரி இருக்குமா, இல்ல உங்ககிட்டயும் நான் நாள் பூரா இருக்கணுமா?"ன்னு கேட்டேன். ரெனிஷ் சார் வாசிச்சுட்டு, "இப்படியாம்மா வேலை கேப்பாங்க?"ன்னு தலையில கை வச்சார்.

ரெண்டு நாள்ல பதில் வந்துது. வீட்டுல இருந்தே எழுதலாம்னு அஞ்சு கேள்வி அனுப்பினாங்க. நாலு முடிச்சேன். அஞ்சாவது எனக்குத் தெரியல, தெரியலன்னே எழுதினேன். பிறகு போன்ல முக்கால் மணி நேரம் பேசினாங்க. கண்ணப் பத்தி ஒரு கேள்வி கூட இல்ல. அந்த அஞ்சாவது கேள்வியப் பத்தியே குடைஞ்சாங்க.

எடுத்துட்டாங்க. முதல்ல ஆறு மாசம் பாப்பாங்க, சரியா இருந்தா நிரந்தரம். மத்தவங்க செஞ்ச சாப்ட்வேர்ல தப்பு இருக்கான்னு புரோகிராம் எழுதிச் சோதிக்கணும். தப்பு கண்டுபிடிக்க சம்பளம் தாராங்க அண்ணா, எனக்கு இதவிடப் பொருத்தமா ஒரு வேலை உண்டா?

பதினேழாம் தேதி ஞாயித்துக்கிழமை காலையில நாகர்கோவில் ஸ்டேஷன்ல ரயில் ஏறுதேன். ஆபீஸ் பக்கத்துல பெண்கள் விடுதி பாத்தாச்சு. பெரியம்மா வந்து ரெண்டு மணி நேரம் வாசல்ல நின்னு பேசினா. "பொட்டப் பிள்ள, அதுலயும் கண்ணு இல்லாத பிள்ள, அந்நிய ஊருல"ன்னு. அம்மை உள்ள அழுதுட்டே எனக்கு அரிசி மாவும் தேங்காயும் சேத்து அவலோசு வறுத்துக் கெட்டினா. என்னைத் தடுக்கல, அதப் பாத்துக்கோ. பெரியம்மாகிட்ட, "அவ போயிட்டு வரட்டும் அக்கா"ன்னு ஒரே ஒரு தடவ சொன்னா. நம்ம அம்மை தாணம்மாள் அவளுக்க அக்காவ எதுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவ.

எனக்கு பேடி இல்லன்னு சொல்ல மாட்டேன். புது ஊரு, புது மாடிப்படி, எத்தன படின்னு தெரியாது. ஆனாலும் போறேன்.

உங்கிட்ட அனுமதி கேட்டு எழுதல. உனக்குத் தெரியணும்னு எழுதுதேன். வேற யாரும் சொல்லி நீ கேக்கக் கூடாது.

சுபிதா


அய்யா துணை
மஸ்கட், 19.11.2024

சுபிதா மக்களே,

நீ போயி சேர்ந்த விவரத்த அம்மை சொன்னா. விடுதியில முதல் நாளே கட்டில் மாத்தித் தரச் சொல்லி சண்டை போட்டியாமே. கொள்ளாம், நல்ல ஆளுதான் நீ.

எனக்கும் லிஜிக்கும் தை மாசம் வச்சிருக்கு. நாங்க ரெண்டு பேருமா பேசித் தேதி சொன்னோம், பெரியவங்க ஒத்துக்கிட்டாங்க. உனக்கு லீவு கிடைச்சா வா. கிடைக்கலன்னா சண்டை போட்டு வாங்கு, உனக்கு அது வரும். லிஜி உங்கிட்ட பேசணும்னு சொல்லுதா. நம்பர் கொடுக்கட்டா? நீ சொன்னாத்தான் கொடுப்பேன்.

நேத்து பெரியம்மா கூப்பிட்டா. வேலைக்கு நடுவுல, மொட்டை மாடியில. எடுத்ததும் தொடங்கிட்டா. குடும்ப மானம் என்ன ஆவது, ஊரு கேட்டா நான் என்ன பதில் சொல்ல, நீ அங்க இருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடங்கியிருப்பாளே, ஆம்பிள இல்லாத வீடு இப்படித்தான் ஆவும்னு. நான் எல்லாத்தையும் கேட்டேன். முந்தியெல்லாம் அவ பேசினா நான் "சரி பெரியம்மா, சரி பெரியம்மா"ன்னு சொல்லிட்டே இருப்பேன். நேத்து ஒரு சரியும் வரல்ல. அவளுக்கே சந்தேகம் வந்து, "லைன்ல இருக்கியா மக்கா?"ன்னா.

"இருக்கேன் பெரியம்மா."

"சத்தியமாச் சொல்லு. அந்தக் கண்ணு தெரியாத பிள்ளைய தனியா அவ்வளவு தூரம் விட்டது யாரு? நீயா, உனக்க அம்மையா?"

"யாரும் விடல பெரியம்மா. அவளே போனா"ன்னேன்.

சுயம்பு